காந்த நாடாவும் பச்சை விளக்கும்
(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்து 'பேக்கப்' சரித்திரம்)

பழைய மாணவர் மலர் என்றால் ஹாஸ்டல் மெஸ் சாம்பார், கட் அடித்துப் பார்த்த மேட்னி, லேபில் புகைந்த மோட்டார் என்று எழுதுவதுதான் சம்பிரதாயம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் படித்து வெளியே வந்த பலருக்குச் சோறு போட்ட இடம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம். அங்கே கார் எப்படி வந்தது, செல்போன் எப்படி வந்தது என்று எழுத ஆட்கள் உண்டு. அந்தக் கார்க் கணக்கையும் செல்போன் கணக்கையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நாடாவில் நகல் எடுத்து வைத்தவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். பேக்கப் ஒழுங்காக நடந்தால் அது செய்தியே இல்லை. நடக்காவிட்டால்தான் செய்தி, அப்போதும் திட்டு வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சமாசாரம் சுலபம்தான். நாம் பாட்டு கேட்ட டேப்ரெக்கார்டர் நாடா எதுவோ, அதேதான் இதுவும். பாட்டுக்குப் பதில் கணக்கு. 1951ல் வந்த யூனிவாக் கம்ப்யூட்டரில் நாடா உலோகத்தால் ஆனது. அடுத்த வருஷமே ஐ.பி.எம். தன்னுடைய 726 என்ற யந்திரத்தில் அரை அங்குல பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்துவிட்டது. பழைய சினிமாவில் கம்ப்யூட்டர் என்று காட்டினாலே இரண்டு பெரிய சக்கரங்கள் விட்டு விட்டுச் சுழலுமே, அந்த வம்சம். நாடா சட்டென்று நின்று சட்டென்று கிளம்பும்போது அறுந்துபோவதுதான் அவர்களுக்கு வந்த தலைவலி. சக்கரத்துக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே காற்றை உறிஞ்சும் நெட்டுக் குழாய் ஒன்றை வைத்து, நாடாவை அதில் தொங்கலாக விட்டுச் சமாளித்தார்கள். நிற்பதும் கிளம்புவதும்தான் நாடாவுக்கு எமன் என்ற இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் கழித்து அதே எமன் ஒரகடத்துக்கும் வந்தான்.

நம்ம ஊர்ப் பக்கம் பெரிய யந்திரம் என்றால் 1973ல் ஜெர்மன் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370ஐச் சொல்வார்கள். 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போய்விட்டது. கம்பெனி போனாலும் யந்திரம் போகவில்லையே! அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. சி.எம்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். செய்தவன் ஒருவன், ரிப்பேர் பார்ப்பவன் இன்னொருவன் என்ற வழக்கம் நம் நாட்டுக் கம்ப்யூட்டர் தொழிலில் வேர் பிடித்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. பின்னால் வந்த 'ஏ.எம்.சி.' கம்பெனிகள், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள், எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஒரு பையில் ஸ்குரூடிரைவர் செட், மல்டிமீட்டர், இரண்டு மூன்று உபரி கேபிள். பூந்தமல்லியில் பஸ் மாறி, இருங்காட்டுக்கோட்டை ஸ்டாப்பில் இறங்கி, மொட்டை வெயிலில் உள்ளே நடப்பது. நானும் அப்படி நடந்தவன்தான்.

1996 மே மாதம் ஹூண்டாய் இந்தியா கம்பெனி பதிவானது. 1998 செப்டம்பரில் சாண்ட்ரோ வெளிவந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் ஃபாக்டரி என்றால் ஒரு ஃபாக்டரி இல்லை. சீட்டு, கண்ணாடி, ஒயரிங், வார்ப்பு என்று அதைச் சுற்றி வரிசையாகச் சப்ளையர்கள். 2000 வாக்கில் செயின்ட் கோபேன் கண்ணாடி, 2006ல் நோக்கியா, 2007ல் டெல் கம்ப்யூட்டர். பிறகு ஒரகடம் பக்கம் 2010ல் ரெனோ–நிஸ்ஸான், 2012ல் டெய்ம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. பெரிய கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்தே கம்ப்யூட்டர் துறைப் பட்டாளம் வரும். நான் சொல்ல வந்தது அவர்களை அல்ல. ஒரே ஒரு சர்வர், அதன் வயிற்றில் ஒரு டேப் டிரைவ், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆபரேட்டர் என்று இருந்த சப்ளையர்களைப் பற்றித்தான்.

அந்த ஒரு சர்வருக்குள் என்ன இருந்தது? அன்றைக்கு மத்திய எக்ஸைஸ் சட்டப்படி இன்வாய்ஸ் இல்லாமல் ஒரு பெட்டி சரக்குகூட கேட்டைத் தாண்டக் கூடாது. இன்வாய்ஸ் எண் வரிசையாக வர வேண்டும், நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். கார்க் கம்பெனியோ சரக்கை ஸ்டாக் வைத்துக்கொள்ளாது. மணிக்கணக்குப் பார்த்து வரவழைக்கும். ஆக சர்வர் படுத்தால் இன்வாய்ஸ் இல்லை, இன்வாய்ஸ் இல்லாவிட்டால் லாரி இல்லை, லாரி போகாவிட்டால் அங்கே லைன் நிற்கும். அந்த ஃபோன் வந்தால் முதலாளிக்கே வேர்க்கும்.

நாடா என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் 'டாட்' நாடாதான். சோனி 1987ல் பாட்டுக்கென்று கொண்டுவந்தது. 1989ல் சோனியும் எச்.பி.யும் சேர்ந்து அதைக் கணக்குக்கு மாற்றின. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. 1993ல் 4 ஜிகாபைட், 1996ல் 12 ஜிகாபைட் என்று கொள்ளளவு ஏறியது. வி.சி.ஆர். மாதிரி சாய்வாகச் சுழலும் உருளையில் தலை பொருத்தி, நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாக எழுதும். இந்தச் சாய்வுதான் பின்னால் ஒரு கதைக்குக் காரணமாகப் போகிறது.

டிரைவையும் சர்வரையும் இணைத்தது 'ஸ்கஸி' என்ற கேபிள். 1986ல் தரப்படுத்தப்பட்டது. ஒரே பட்டைக் கேபிளில் டிஸ்க், டேப், ஸ்கேனர் என்று ஏழு சாதனங்களைக் கோத்துவிடலாம். ஆனால் அதற்கு மூன்று நியமங்கள், மூன்றும் ஆசாரம் மாதிரி. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி எண் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால் சர்வர் இரண்டையும் விட்டுவிடும். சில சமயம் ஒரே டிரைவ் ராவணன் தலை மாதிரி ஏழாகத் தெரியும். இரண்டாவது, கேபிள் நீளம். முதலில் 6 மீட்டர் வரை அனுமதித்தார்கள். வேகம் இரண்டு மடங்கானதும் 3 மீட்டர், அதற்கும் மேலே போனதும் நிறையச் சாதனங்கள் இருந்தால் ஒன்றரை மீட்டர். பெட்டிக்குள் மடிந்து கிடக்கிற கேபிளும் கணக்கில் சேர்த்தி என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுவார்கள். மூன்றாவது, இரு முனையிலும் டர்மினேட்டர். அர்னால்டு நடித்தது இல்லை, இது சின்ன மின்தடை அடைப்பு.

இது எதற்கு என்று ஜூனியர்களுக்குச் சொல்ல என் சீனியர் ஒரு உவமை வைத்திருந்தார். "செம்பரம்பாக்கம் ஏரிக் கரையில போய் நில்லு தம்பி. அலை வந்து கருங்கல்லுல மோதித் திரும்பும். திரும்புற அலையும் வர்ற அலையும் சேர்ந்து தண்ணி கலங்கிடும். அதே அலை சரிவான மணல்ல ஏறுச்சுன்னா அப்படியே அடங்கிடும். டர்மினேட்டர்ங்கிறது அந்த மணல்." மின் சமிக்ஞையும் அப்படித்தான், முனையில் உறிஞ்சிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் திரும்பி வந்து அடுத்த சமிக்ஞையைக் கெடுக்கும். ஒன்று குறைந்தாலும் தப்பு, நடுவில் ஒன்று கூடினாலும் தப்பு. இதில் விசேஷம் என்னவென்றால், டர்மினேட்டர் இல்லாமலேயே சிஸ்டம் பல நாள் ஓடும்! பகலில் ஓடும், ராத்திரி நகல் எடுக்கிற கனமான வேலையில் மட்டும் தடுமாறும். கம்ப்ளெய்ன்ட் புக்கில் 'டேப் சரியில்லை' என்று எழுதுவார்கள். புது டேப் வாங்குவார்கள். அதுவும் 'சரியில்லை' ஆகும்.

ஆபீஸ் நெட்வொர்க்கிலும் அப்போது இதே கூத்துதான். டி.வி. ஒயர் மாதிரி ஒரு கருப்புக் கேபிள், 185 மீட்டர் வரை இழுக்கலாம், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு 'டீ', இரு முனையிலும் 50 ஓம் டர்மினேட்டர். பெருக்குகிற அம்மா துடைப்பத்தால் ஒரு முனையைத் தட்டிவிட்டால் மொத்த ஆபீஸும் படுத்துவிடும். அது ஒரு வகையில் நல்லது என்பேன், ஏனென்றால் உடனே தெரிந்துவிடும். பின்னால் வந்த கோளாறுகள் அவ்வளவு யோக்கியமானவை அல்ல.

இங்கே உலகச் சரித்திரத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு டேப் டிரைவ் வைக்காமல், எல்லாவற்றையும் நெட்வொர்க் வழியாக ஒரே இடத்தில் சேர்த்து நாடாவில் ஏற்றும் யோசனைக்கு ஒரு பெரிய ஊற்று, நம்புங்கள், ஒரு கார்க் கம்பெனி. 1987ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி, கன்ட்ரோல் டேட்டா என்ற கம்ப்யூட்டர் கம்பெனியிடம் இதற்கொரு மென்பொருள் எழுதச் சொன்னது. 1990ல் முதல் பதிப்பு வந்தது. பெயர் மாறி, கை மாறி, நெட்பேக்கப் என்று ஆகி, 1997ல் வெரிட்டாஸ் கம்பெனியிடம் போய், உலகம் முழுக்கப் பரவியது. ஏறக்குறைய அதே காலத்தில் மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில் 'அமாண்டா' என்று ஒன்றை எழுதி இலவசமாகவே கொடுத்தார்கள். கிரைஸ்லரும் டெய்ம்லரும் 1998ல் ஒன்றாகி 2007ல் பிரிந்தன. அதற்கப்புறம் டெய்ம்லர் ஒரகடத்துக்கு வந்தது. சம்பந்தம் இவ்வளவுதான், இதற்கு மேல் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் கார் செய்கிறவனுக்கு வந்த தலைவலியிலிருந்து பிறந்த மருந்து, கடைசியில் கார் செய்கிற இன்னொரு ஊருக்கே வந்து சேர்ந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இனி சாய்வுக் கதை. 2003 வாக்கில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு அலுமினிய வார்ப்புக் கம்பெனி. பெயர் வேண்டாம். நான் அப்போது ஏ.எம்.சி. வேலையில் அந்தச் சீனியருக்கு உதவியாளன். ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் டிஸ்க் போய்விட்டது. அதற்கு நாலு நாள் முன்னால் வியாழக்கிழமைதான், அடிக்கடி 'கிளீனிங்' விளக்கு எரிகிறதே என்று பழைய டாட் டிரைவை மாற்றிப் புதுசு போட்டிருந்தார்கள். மாட்டியது வேறு ஒரு கம்பெனி ஆள். டிஸ்குக்கும் புது டிரைவுக்கும் ஒரே ஸ்கஸி எண்ணை வைத்துவிட்டுப் போனதால் அன்றிலிருந்து நகலே எடுக்கவில்லை. சரி, புதன்கிழமை வரைக்கும் பழைய நாடா பத்து இருக்கிறதே என்று புது டிரைவில் போட்டால், ஒன்றும் படிக்கவில்லை. பத்தும் 'ரீட் எர்ரர்'.

ஆபரேட்டர் காஞ்சிபுரத்துப் பையன், பாலிடெக்னிக் முடித்து வந்தவன். தினமும் ரிஜிஸ்டரில் தேதி போட்டு, 'பேக்கப் ஓ.கே.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். "எடுக்காமலே எழுதியிருக்கான் சார்" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். மதியத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சார், ராத்திரி முடிஞ்சதும் சரிபார்க்கவும் போடுவேன் சார். பச்சை லைட்டுதான் எரிஞ்சுது."

சீனியர் பத்து நாடாவையும் மேஜையில் அடுக்கி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பத்தும் ஒரே மாதிரி கெட்டுப்போகாதுப்பா. மூணு வேற வேற மாசம் வாங்கினது. பத்துக்கும் பொதுவா இருக்கறது எது? எழுதின டிரைவ்." தலை பொருத்திய உருளை வருஷக்கணக்கில் தேய்ந்து இம்மியளவு சாய்ந்துவிட்டால், அது எழுதும் கோடுகளும் கோணலாக விழும். அதே கோணலோடு அதே டிரைவ் படிக்கும்போது குறையே தெரியாது. சரிபார்த்தாலும் பச்சை விளக்குதான். வேறு நேரான டிரைவில் போட்டால் ஒரு வரிகூட வராது. பையன் பொய் சொல்லவில்லை, நாடாவும் கெடவில்லை.

பழைய டிரைவ் எங்கே? ஸ்டோர்ஸில் கேட்டால், வெள்ளிக்கிழமை ஸ்க்ராப்போடு எடை போட்டு அனுப்பியாகிவிட்டது, கேட் பாஸ் இருக்கிறது என்றார்கள். கேட் பாஸில் இருந்த காயலான் கடைக்கு ஆபரேட்டரும் நானும் டி.வி.எஸ். மொபெட்டில் போனோம். அலுமினியத் துருவல் குவியலுக்குப் பக்கத்தில் கடைக்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "டேப்ரெக்கார்டர் மாதிரி பொட்டி அண்ணே, மோட்டார் நல்லா இருக்குமேன்னு பிரிக்கல. நாளைக்குப் பிரிக்கலாம்னு இருந்தேன்." என்ன விலை கொடுத்தோம் என்பது ஞாபகமில்லை, அவர் கேட்டதைக் கொடுத்தோம்.

தலையைத் துடைத்து, எண்ணைச் சரியாக வைத்து, முனையில் டர்மினேட்டர் போட்டு, நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு, சர்வரோடு நேராக மாட்டிப் பார்த்தோம். பத்தில் ஒன்பது நாடா படித்தது. புதன்கிழமை ராத்திரி நாடாவும் அதில் ஒன்று. வியாழன் முதல் சனி வரையிலான இன்வாய்ஸ்களை எக்ஸைஸுக்காகக் கம்பெனியில் வைத்திருந்த மூன்றாம் பிரதியைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு முதல் லாரி கிளம்பியது. டைப் ஆன கடிதம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பையன் அதற்கப்புறமும் நாலு வருஷம் அங்கே இருந்தான், பிறகு வேறு பெரிய கம்பெனிக்குப் போனான்.

அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் வந்தது. மாதம் ஒரு நாடாவை எடுத்து, வேறு ஒரு டிரைவில், வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்ப்பது. ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் அது கிடையாது, யாரும் காசு கொடுக்கவில்லை. சீனியர் விடமாட்டார்.

2000ல் எச்.பி., ஐ.பி.எம்., சீகேட் மூன்றும் சேர்ந்து எல்.டி.ஓ. என்ற புது நாடாவைக் கொண்டுவந்தன. ஒரு நாடாவில் 100 ஜிகாபைட். இதில் கோடுகள் நாடாவின் நீளவாக்கில்தான், சாய்வுத் தொல்லை ஒழிந்தது. ஆனால் புதுத் தொல்லை, வேகம். டிரைவ் நொடிக்கு 15 மெகாபைட்டுக்கு மேல் விழுங்கும். அப்போதைய நூறு மெகாபிட் நெட்வொர்க்கோ, எல்லாம் சரியாக இருந்தாலே நொடிக்குப் பன்னிரண்டரைக்கு மேல் தர முடியாது. சோறு பரிமாறுகிறவர் மெதுவாக வந்தால் சாப்பிடுகிறவர் என்ன செய்வார்? டிரைவ் நின்றுவிடும். நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி வந்து விட்ட இடத்தில் பிடிக்கும். ராத்திரி முழுக்க முன்னும் பின்னும் தேய்ப்பது ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இருப்பதால் அதற்கு 'ஷூ ஷைனிங்' என்றே பெயர். நாடாவும் தேயும், தலையும் தேயும், கடைசியில் உண்மையிலேயே டிரைவ் கெட்டுப்போகும். 1952ல் பார்த்த அதே எமன். குற்றம் செய்தது நெட்வொர்க், செத்தது டிரைவ்.

நெட்வொர்க்கிலும் ஒரு கபடக் கோளாறு. ஸ்விட்சில் ஒருவர் 'இரு வழியும் ஒரே சமயத்தில்' என்று கட்டாயமாக அமைத்திருப்பார். சர்வரில் 'தானாகப் பேசி முடிவு செய்துகொள்' என்று இருக்கும். எதிர்ப்பக்கம் பேசாததால் சர்வர் ஒரு சமயத்தில் ஒரு வழிதான் என்று முடிவு செய்துவிடும். பச்சை விளக்கு எரியும், பிங் போட்டால் பதில் வரும், சின்ன ஃபைல் ஓடும். ஐம்பது ஜிகாபைட் நகல் மட்டும் நத்தை மாதிரி போகும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருந்த ஒரே வழி பாதி பாதியாக வெட்டுவதுதான். முதலில் நெட்வொர்க்கே இல்லாமல் சர்வருடைய சொந்த டிஸ்கிலிருந்து நாடாவுக்கு எழுதிப் பார். வேகமாகப் போனால் டேப்பில் குற்றமில்லை. அடுத்து நாடாவே இல்லாமல் நெட்வொர்க்கில் ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார். நம் கல்லூரி லேபில் ரேடியோ பெட்டியில் நடுவிலிருந்து சிக்னல் கொடுத்துப் பழகினோமே, அதேதான். அதற்கு அப்பால் புதிதாக யாரும் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஜிகாபிட் நெட்வொர்க் வந்ததும் தீர்ந்தது என்று நினைத்தோம். 2010ல் ஐந்தாம் தலைமுறை எல்.டி.ஓ. வந்தபோது அதன் வேகம் நொடிக்கு 140 மெகாபைட், ஜிகாபிட் ஒயரால் 125ஐத் தாண்ட முடியாது. ரோடு அகலமாகும்போதெல்லாம் லாரியும் பெரிசாகிவிடுகிறது. வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டில் போகிறவர்களுக்கு இது விளங்கும்.

ஒரகடம் காலத்தில் ஒற்றை டிரைவ் போய் 'லைப்ரரி' வந்தது. அலமாரி நிறைய நாடா, பார்கோடு ஒட்டி, ஒரு யந்திரக் கை எடுத்து மாட்டும். பார்க்க அழகு. ஆனால் கைக்கு ஒரு விலாசம், டிரைவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம். சர்வர் திரும்பக் கிளம்பும்போது முதல் டிரைவை இரண்டாவது என்று பெயர் மாற்றி எண்ணிக்கொண்டால், கை ஒரு டிரைவில் நாடாவை மாட்டும், சாஃப்ட்வேர் அடுத்த டிரைவில் தேடி 'நாடா இல்லை' என்று கூவும். டிரைவ் கெட்டதென்று கழற்றுவார்கள். இதைவிடக் கொடுமை, ஃபைபர் கேபிளில் பல சர்வர்கள் ஒரே டிரைவைப் பங்கு போட்டபோது நடந்தது. எங்கோ ஒரு சர்வரை ராத்திரி மூன்று மணிக்கு ரீஸ்டார்ட் செய்தால் அது இணைப்பில் இருக்கிற எல்லோருக்கும் 'ரீசெட்' அனுப்பும். டிரைவ் நல்ல பிள்ளையாக நாடாவை ஆரம்பத்துக்கே சுற்றிவிடும். எழுதிக்கொண்டிருந்தவருக்கு விஷயம் தெரியாவிட்டால் நேற்றைய கணக்கின் மேலேயே இன்றைய கணக்கு ஏறும். டேப்புக்கும் டிஸ்குக்கும் தனித்தனிப் பாதை பிரித்துக் கொடுத்த பிறகுதான் இது அடங்கியது.

2008லிருந்து சில வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு நம்மை வாட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கரன்ட் போய் ஜெனரேட்டர் வந்து, மறுபடி கரன்ட் வரும். சர்வர் மூன்று நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும். லைப்ரரியோ தன்னிடம் உள்ள நாடாக்களை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து எழ இன்னும் நேரம் எடுக்கும். சர்வர் தேடும்போது லைப்ரரி தயாரில்லை, ஆகவே 'இல்லை' என்று குறித்துவிடும். காலையில் "அண்ணே, டேப்பே காணோம்ணே" என்று ஃபோன் வரும். லைப்ரரியை முதலில் போடு, அது அடங்கினதும் சர்வரைப் போடு. இந்த ஒரே பதிலை எத்தனை தடவை ஃபோனில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இவ்வளவு பாடுபடுத்துகிற நாடாவை ஏன் விடவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 2011 பிப்ரவரி கடைசியில் கூகிளின் ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் பிழையால் சிலருடைய கடிதங்கள் மொத்தமாகக் காணாமல் போயின. வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்த டிஸ்க் நகல்களையும் அதே பிழை அழித்துவிட்டது. மீட்டுக் கொடுத்தது நாடா. எந்தக் கேபிளிலும் மாட்டாமல் அலமாரியில் சும்மா கிடந்ததால் அந்தப் பிழையால் அதைத் தொட முடியவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது நம் வட்டாரத்துப் பெரிய ஃபாக்டரிகளே சில நாள் நின்றன. தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்த சிறு கம்பெனிகளில், வாரம் ஒரு நாடாவைப் பாங்கு லாக்கருக்கோ முதலாளி வீட்டு மாடிக்கோ அனுப்பிய பழக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே இருந்து வந்த நாடாவை அவசரமாக ஏ.சி. அறைக்குள் கொண்டுபோய் உடனே மாட்டக் கூடாது. அந்த அறைச் சூட்டுக்கு அது வருகிற வரை, முடிந்தால் ஒரு நாள், வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பூத்து நாடா தலையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பணம் கேட்டுக் கணக்கைப் பூட்டிவைக்கும் ரான்சம்வேர் கும்பல்களின் தயவால் நாடாவுக்கு மறுபடி மவுசு. 2021ல் வந்த ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்றில் 18 டெராபைட். அதிலும் ஒரு புதுச் சங்கடம். புது நாடாவை முதல் தடவை மாட்டும்போது டிரைவ் அதை அளந்து பழகிக்கொள்ள இரண்டு மணி நேரம்வரைகூட எடுத்துக்கொள்ளும். தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் கரன்ட்டை அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தம்பிகளே, காபி சாப்பிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2025ல் வந்த எல்.டி.ஓ.-10 டிரைவ், அதற்கு முந்தைய ஒன்பதாம் தலைமுறை நாடாவையே படிக்காது. அப்படியிருக்க டாட் நாடாவின் கதி என்ன? நம் நண்பர்கள் பலருடைய பழைய கம்பெனி அலமாரிகளில், ஏன், நம் கல்லூரி ஆபீஸ் பீரோவிலேயேகூட, லேபிள் மங்கிய டாட் நாடாக்கள் கிடக்கலாம். அவற்றைப் படிக்க டிரைவும், ஸ்கஸி கார்டும், இரண்டு டர்மினேட்டரும் வேண்டும். யாரிடமாவது ஓடுகிற நிலையில் டி.டி.எஸ்.-3 டிரைவ் இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாமல், ரீயூனியன் அன்று கேபிளோடு கொண்டு வாருங்கள். சர்வர் நான் கொண்டு வருகிறேன். பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, வருகிற நாடாக்களை வரிசையாகப் படித்துப் பார்த்துவிடலாம்.